ம்ம்முக்கும் ர்ர்ருக்கும் நடுவே

முதல் தடவை ஸ்விட்சைப் போட்டபோது எதுவும் வெடிக்கவில்லை. புகை வரவில்லை. எனக்கு ஷாக்கும் அடிக்கவில்லை. ஐந்து மாதமாக சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து, விரலைச் சுட்டுக்கொண்டு, மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நானே கட்டிய வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் அது. இரண்டு கண்ணாடிக் குழல்களுக்குள்ளும் மெதுவாக ஆரஞ்சு வெளிச்சம் ஏறியது. அரை நிமிடம் பொறுத்து ஹெட்போனை மாட்டினேன். பாட்டு எதுவும் போடவில்லை. ஆனாலும் சத்தம் வந்தது.

ர்ர்ர்ர்ர்...

தீப்பெட்டிக்குள் பொன்வண்டைப் பிடித்துப் போட்டு காதுப்பக்கம் வைத்தால் கேட்குமே, அந்தச் சத்தம். கோவில்பட்டியில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தீப்பெட்டிக்கும் பஞ்சமில்லை, பொன்வண்டுக்கும் பஞ்சமில்லை. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

இந்தக் காலத்தில் எதற்கு வால்வு என்று கேட்பீர்கள். நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன ஒரு சில்லு இதே வேலையை இதைவிடச் சுத்தமாகச் செய்யும், சூடும் ஆகாது. வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு உலோகத்தைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்குப் போகும். நடுவில் சல்லடை மாதிரி ஒரு கம்பிச் சுருள் நின்றுகொண்டு எவ்வளவு பேரை விடலாம் என்று முடிவு செய்யும். அந்தக் கம்பிச் சுருளிடம் பாட்டைக் கொடுத்தால் அந்தப் பக்கம் பெரிய பாட்டாக வெளியே வரும். விஷயம் அவ்வளவுதான். அறிவுபூர்வமாக இதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. என் காரணம் அப்பா.

அப்பா கோவில்பட்டியில் ரேடியோ கடை வைத்திருந்தார். பதினேழு வயதில் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். நான் பிறந்தபோது வால்வு ரேடியோக்களின் காலம் முடிந்துவிட்டது. டேப்ரிக்கார்டர் வந்தது, டிவி வந்தது, சிடி பிளேயர் வந்தது, கடைசியில் செல்போன் ரீசார்ஜ் கார்டு விற்று, கடையை மூடினார். ஆனால் பரணில் ஒரு அட்டைப்பெட்டி எப்போதும் இருந்தது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த பழைய வால்வுகள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றியபடி. இலங்கை வானொலி கேட்ட ஊரின் மிச்சம் அது. அந்தப் பெட்டியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.

கடையில் அப்பாவின் முக்கியமான கருவி மீட்டர் இல்லை, காது. யாராவது செட்டைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஸ்விட்சைப் போட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. ம்ம் என்றால் ஃபில்டர் கண்டன்சர். ஸ்ஸ் என்றால் வால்வோ ரெசிஸ்டரோ. கரகர என்றால் வால்யூம் கன்ட்ரோலில் தூசி. டப்டப்டப் என்று மோட்டார் படகு மாதிரி போனால் இன்னொரு கண்டன்சர் விட்டுப்போச்சு. ர்ர் என்றால், "கிரகம், எர்த் எங்கியோ தப்பாப் போகுது. இது நாளாகும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்பார். சின்ன வயதில் நான் எழுத்துகளைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே கடையில் படித்தேன் என்று அம்மா கேலி செய்வாள். உயிரெழுத்து எதுவும் கிடையாது, எல்லாமே புள்ளி வைத்த எழுத்து.

அவர்கள் இருவரும் இரண்டு மாதம் சென்னையில் எங்களோடு இருக்க வந்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரை முடித்துவிட்டு அப்பாவிடம் காட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். பொன்வண்டு அந்தத் திட்டத்தில் இல்லை.

அவரைக் கூப்பிடாமல் நானே கண்டுபிடித்துவிட நினைத்தேன். முறையாகத்தான் போனேன். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தேன், சத்தம் அப்படியே இருந்தது. சரி, பாட்டு வரும் பக்கம் குற்றம் இல்லை. லேப்டாப்பையும் வயரையும் கழற்றினேன், மாற்றமில்லை. வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இழுத்து அணைத்துவிட்டு, முதல் வால்வின் கம்பிச் சுருளுக்குப் போகும் முனையை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன். அதாவது வாசல் கதவையே இழுத்துச் சாத்தியாகிவிட்டது. மறுபடி போட்டால், ர்ர்ர். ஆக, சத்தம் வாசல் வழியாக வரவில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று பவர் சப்ளை, இல்லையென்றால் எர்த். இத்தோடு என் அறிவு தீர்ந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

வந்தவர் முதலில் ஹெட்போனைத் தொடவில்லை. "எவ்வளவு வோல்ட்டு?"

"நூத்தி எழுவது இருக்கும்ப்பா. டிசி."

"அணைச்சா எறங்குதா?"

அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதை இறக்காமல் கை வைத்தால் கொன்றுவிடும். இறக்குவதற்கு ரெசிஸ்டர் போட்டிருப்பதைக் காட்டினேன். தலையாட்டினார். "அத நம்பாத. மீட்டர வச்சுப் பாத்துட்டுத் தொடு. ஓடுறப்ப கை வச்சா ஒரு கையப் பின்னாடி கட்டிக்க." ஒரு கையில் ஏறும் மின்சாரம் இன்னொரு கை வழியாக இறங்கினால் நடுவில் நெஞ்சு இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு கையைப் பாக்கெட்டில் விடச் சொல்வார்கள். வேட்டியில் பாக்கெட் ஏது?

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தார். அந்தச் சாய்வைப் பார்த்து இருபது வருடம் ஆகியிருக்கும். எனக்கு என்னவோ செய்தது.

"ம்ம்ம்முன்னு அடிக்குது. ஃபில்டர் கண்டன்சர் பத்தல."

"ம்ம் இல்லப்பா. ர்ர். பஸ்னு சொல்லுவாங்க இங்கிலீஷ்ல."

"எந்த பஸ்ஸு?" என்றார். பிறகு, "ம்ம்தாம்லே. நாப்பது வருசம் கேட்ட சத்தம்" என்றார்.

நாற்பது வருடத்தை எதிர்த்து ஐந்து மாதம் என்ன பேச முடியும்? ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். அந்தச் சந்துகளில் அப்பா திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி நடந்தார். 100 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 220 வாங்கிப் போட்டோம். ஹெட்போனை நான் முதலில் மாட்டினேன். சத்தம் குறையவில்லை. இன்னும் கூர்மையாகியிருந்தது. பொன்வண்டுக்குக் கோபம் வந்த மாதிரி. பேசாமல் அப்பாவிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"பாத்தியா, பாதி கொறைஞ்சிருச்சு!"

விளையாடுகிறாரா என்று பார்த்தேன். விளையாடவில்லை. "இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு. சுத்தமாப் போயிரும்" என்றார். மறுநாள் 330 போட்டோம். எனக்கு இன்னும் மோசம். அவருக்கு, "அவ்வளவுதான், தெளிஞ்சிருச்சு."

"எங்கப்பா தெளிஞ்சுது?"

"லேசா இருக்கும். வால்வுன்னா அப்படித்தான்."

"லேசாவா? ர்ர்ருன்னு காத அறுக்குது. காது கேக்கலையா உங்களுக்கு?"

இந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! பிள்ளைகளிடம், ஆட்டோக்காரரிடம், கஸ்டமர் கேரில். அதற்கு அர்த்தமே கிடையாது, கோபத்தின் ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அப்பா ஹெட்போனைக் கழற்றினார். வயரை வட்டமாகச் சுற்றி, கடையில் சுற்றி வைப்பாரே அந்த மாதிரி, மேஜை மேல் வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றார். சமையலறையில் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சாயங்காலம் நடந்த ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. அப்பா மல்டிமீட்டரை வைத்து ஒரு வயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பு சரியாக இருந்தால் மீட்டர் 'பீ' என்று கத்தும். கத்தியது. எனக்கு அடுத்த அறை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மீட்டரை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, திரையில் எண்ணைப் படித்தார். படித்துவிட்டு, "இருக்கு" என்றார்.

கண்ணால் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த பீ சத்தத்தையே வைத்திருக்கிறார்கள்.

ஒன்று வந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அம்மா 'சட்டி' என்றால் அவர் 'பட்டி' என்று வாங்குவது. போன் வந்தால் "நீ பேசு" என்று அம்மாவிடம் நீட்டுவது. செய்தி வாசிப்பவர் சரியாகப் பேசுவதில்லை என்று டிவியில் சத்தத்தைக் கூட்டுவது. வயசானால் பிடிவாதம் வரும், எரிச்சல் வரும் என்று நாங்களே ஒரு பேர் வைத்து முடித்துவிட்டோம். என் ஆறு வயது மகள் மட்டும் சரியாகக் கவனித்திருக்கிறாள். "தாத்தா எதுக்கெடுத்தாலும் ஆமா ஆமான்னு சொல்றாரு" என்று ஒரு நாள் புகார் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அவளுடைய குரல் கீச்சுக் குரல்.

வயதில் வரும் காது மந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உச்ச ஸ்தாயியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகும். ஸ, ச, ட, ப எல்லாம் தேய்ந்துபோகும். அடிக்குரல், ம்ம், அப்படியே இருக்கும். அதனால் ஆளுக்கே தெரியாது. கேட்கத்தானே செய்கிறது, இவர்கள்தான் வாயை மெல்லுகிறார்கள் என்று தோன்றும்.

ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு ஆம்ப்ளிஃபயரும் புரிந்தது. ர்ர் என்பது தனிச் சத்தம் இல்லை. அடியில் ஒரு ம்ம், அதன் மேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் கீச்சு ஒலிகள். மேலே இருப்பதை உருவிவிட்டால் மிச்சம் ம்ம்தான். நாங்கள் இருவரும் ஒரே சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறோம், அவருக்குப் பாதி வந்து சேரவில்லை. கண்டன்சரைப் பெரிதாக்கியபோது அடியில் இருந்த ம்ம் உண்மையிலேயே குறைந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மேலே இருந்த கூர்மை கூடியது. நானும் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட சத்தத்துக்கு அவர் சொன்ன வைத்தியம் சரி.

காலையில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்பு கேட்டால் விஷயத்தை உடைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு ஆஸிலோஸ்கோப் உண்டு, மின்சாரத்தின் வடிவத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி. அதை ஹெட்போன் வரும் இடத்தில் மாட்டி, "அப்பா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். கோபம் இருந்தாலும் வேலை என்றால் வந்துவிடுவார். வந்தார்.

திரையில் அலை இல்லை. தட்டையான ஒரு கோடு, அதில் பத்து மில்லி செகண்டுக்கு ஒன்றாக குத்துக்குத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. கருவேலங்குச்சியில் முள் இருக்கிற மாதிரி. நம் ஊர்க் கரண்ட் செகண்டுக்கு 50 தடவை மாறுகிறது, ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு பாதி, ஆக 100 முள்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். கடையில் அவரிடம் இந்தக் கருவி இருந்ததில்லை. ஆனால் எந்தச் சத்தத்துக்கு எந்த வடிவம் என்று அவருக்குத் தெரியும்.

"ம்ம்முன்னா மேடும் பள்ளமுமா வரணும்" என்றார். "இது முள்ளாட்டம் இருக்கு. இது ர்ர்ருல்ல?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு ம்ம்முன்னுதான்யா கேக்குது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அணை. சேஸிஸத் திருப்பிப் போடு. ர்ர்ருன்னா எர்த்து. மொதல்லயே சொல்லிருந்தா கண்டன்சருக்கு எதுக்குக் காசு?"

முதலிலேயே சொல்லித்தான் இருந்தேன். இப்போது அதைச் சொல்ல எனக்குப் பைத்தியமா?

மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் இறங்கியதைப் பார்த்துவிட்டு, காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றால் எர்த் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. குச்சி ஒரு இடத்தில் நின்றது. "இது யாரு இங்க முடிஞ்சது?"

"நான்தான்."

மின்சாரத்தை நேராக்கும் டையோடுகளின் நெகட்டிவ் வயர், முதல் கண்டன்சரின் நெகட்டிவ் காலுக்கு நேராகப் போக வேண்டும். நான் அதை அழகாக இருக்கட்டும் என்று, பாட்டு நுழையும் ஜாக்கின் பக்கத்தில் இருந்த பொது எர்த் போல்ட்டில் முடிந்திருந்தேன். எர்த் என்றால் எர்த்தானே, எங்கே முடிந்தால் என்ன என்று நினைத்தேன்.

அப்பா விளக்கினார். "நம்மூர்ல தண்ணி எப்ப வரும்? எட்டு நாளைக்கு ஒருக்கா, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துல தெருவே மோட்டாரப் போட்டு உறிஞ்சும்ல? இந்தக் கண்டன்சரும் அப்படித்தான். கரண்டு உச்சிக்கு வர்ற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் அதுக்குத் தண்ணி. மொத்தத்தையும் அப்பவே உறிஞ்சும். அந்தப் பேய்த்தண்ணி போற வாய்க்காலும் பாட்டு போற வாய்க்காலும் ஒண்ணா இருந்தா என்னத்துக்கு ஆகும்? பெரிய தொட்டி வச்சா இன்னும் வேகமா உறிஞ்சும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். பெரிய தொட்டி வைக்கச் சொன்னது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதலில் அவர்தான் சிரித்தார்.

ஒரு வயரை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டர் தள்ளி. அவரே பற்றவைத்தார். ஈயப்புகை எழுந்தது. கண்டன்சரில் இருந்து பொது எர்த்துக்குத் தனியாக ஒரு வயர் போட்டார். ஸ்விட்ச் போட்டோம். வால்வு சூடாகும் அந்த அரை நிமிடம் யாரும் பேசவில்லை. அவர் ஹெட்போனை எடுத்தார், எடுத்தவர் தன் தலைக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் நீட்டினார். நான் மாட்டிக்கொண்டேன்.

"போயிருச்சா?"

நாற்பது வருடம் அடுத்தவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி அது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "போயிருச்சாண்ணே?" என்று. அவருக்கு ஒரு கறார் உண்டு. முழுக்கப் போகாமல் போயிருச்சு என்று சொல்ல மாட்டார். சொன்னால் காசு வாங்கலாம், ஆனால் சொல்ல மாட்டார்.

நன்றாகக் கேட்டேன். பொன்வண்டு இல்லை. சுத்தமாக இல்லை. ஆனால் ரொம்ப அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, இன்னொன்று இருந்தது. இவ்வளவு நாள் ர்ர்ருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒன்று. போயிருச்சுப்பா என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

"ர்ர் போயிருச்சுப்பா. கொஞ்சூண்டு ம்ம் இருக்கு."

ஹெட்போனைப் பிடுங்காத குறையாக வாங்கி மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தார்.

"ஆமா" என்றார். "இருக்கு." மகளிடம் சொல்லும் ஆமா இல்லை இது. "இது ஹீட்டர் கரண்டு. வால்வுக்குப் போற அந்த ரெண்டு வயர முறுக்காம நீட்டி விட்டுருக்க, பாரு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் அது நடக்கவில்லை. அந்த வாரமே காது டெஸ்டுக்குப் போனோம். நான் கூப்பிடவில்லை, அவரே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கையில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். 250இல் இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். ஆயிரம் வரைக்கும் கோடு பரவாயில்லாமல் போய், அதற்குப் பிறகு மலைச்சரிவில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பரிசோதித்த பெண் விளக்க ஆரம்பிக்கும் முன்பே அப்பா அதைப் படித்துவிட்டார்.

"டோன் கன்ட்ரோல ஃபுல்லா பேஸ் பக்கம் திருப்பி வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மெஷின் மாட்டிய முதல் நாள் எல்லாவற்றுக்கும் எரிச்சல்பட்டார். கேரிபேக் கசங்குவது, மின்விசிறி, அம்மா வெங்காயம் வதக்குவது. "வீடு பூரா ஸ்ஸ்ஸுங்குது" என்றார். சாயங்காலம் தனியாக என் மேஜையில் உட்கார்ந்திருந்தார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்தார். பீ. எடுத்தார். மறுபடி சேர்த்தார். பீ. மகள் ஓடிவந்து தனக்கும் வேண்டும் என்றாள்.

இப்போது கோவில்பட்டியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அவரே எடுத்துப் பேசுகிறார். பாதி நாள் மெஷினைக் கழற்றி வைத்துவிடுகிறார் என்று அம்மா பின்னாலிருந்து கத்துகிறாள். நான் தினமும் ராத்திரி அந்த ஆம்ப்ளிஃபயரில்தான் பாட்டு கேட்கிறேன். ஹீட்டர் வயரை இன்னும் முறுக்கவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த ம்ம் வருகிறது.

"அது இன்னும் இருக்கா?" என்று போன வாரம் கேட்டார்.

"இருக்குப்பா."

"கெடக்கட்டும், நீ கை வைக்காத. அடுத்த மாசம் வாரேன்."